மணிக்கோல்

கற்பகவல்லி இரண்டாவது முறை செத்துப்போனபோது அவளுடைய கணவன் அன்பரசன் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காராச்சேவு தின்றுகொண்டிருந்தான். அவனுக்குக் கண் தெரியாது. அதனால் கம்ப்யூட்டர் திரையில் நடந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். ஒரு சுரங்கத்துக்குள், வெடிமருந்துப் பீப்பாய்களுக்கு நடுவில், மூன்று ஈட்டிக்காரர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் தலைக்கு மேல் உயிரின் அளவைக் காட்டும் பச்சைக்கோடு மஞ்சளாகி, சிவப்பாகி, இல்லாமல் போனது. கையிலிருந்த கோல் கல்தரையில் விழுந்தது. அதன் நுனியில் கட்டியிருந்த பித்தளை மணிகள் கலகலவென்று உருண்டு ஓய்ந்தன. "என்ன பாய், மணிச்சத்தம் ஒரு மாதிரி கேக்கு?" என்றான் அன்பரசன், வாயில் சேவோடு. "கோலைக் கைதவற விட்டுட்டா. எடுத்துட்டா, எடுத்துட்டா" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த சேவை எடுத்தான்.

முதல் முறை அவள் இறந்தது நிஜத்தில். முந்தின வருடம் வைகாசியில், நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில். இரண்டாவது, நானும் அன்பரசனும் விளையாடிக்கொண்டிருந்த ஒரு விளையாட்டுக்குள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறானே என்று யாருக்காவது கோபம் வந்தால் அது நியாயம்தான். எனக்கே வந்தது. திரையில் ஒரு பொம்மை விழுந்ததற்கு நாற்பத்தைந்து வயது ஆள் இப்படி இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

என் பெயர் இக்பால். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைவது தொழில். மயில், சிங்கம், ராக்கெட்டில் சாய்ந்து சிரிக்கிற குழந்தை என்று என்ன கேட்டாலும் வரைந்து, எழுத்துக் கோத்து, பிரஸ்ஸுக்கு அனுப்பிவிடுவேன். அதற்காக வாங்கிய நல்ல கம்ப்யூட்டர் ஒன்று வீட்டு முன்னறையில் இருக்கிறது. ஆர்டர் இல்லாத மத்தியானங்களில் அதில் விளையாடுவேன். சும்மா சுட்டுத்தள்ளுகிற விளையாட்டுகளில் எனக்கு ருசி கிடையாது. ரோல் பிளேயிங் கேம் என்பார்களே, அதுதான். நாமே ஒரு ஆளை உண்டாக்கி, மூக்கு முழி வைத்து, பெயர் வைத்து, தெரியாத ஒரு நாட்டுக்குள் நடக்கவிட வேண்டும். எந்தப் பாதையில் போவது, யாரைக் கூடச் சேர்த்துக்கொள்வது, யாரை மன்னிப்பது எல்லாம் நம் இஷ்டம். லேபிளில் மயிலின் கழுத்துக்கு எந்த நீலம் என்பதைக்கூட கம்பெனிக்காரர்தான் முடிவு செய்வார். அங்கேயோ ஒரு ராஜாவைக் காப்பாற்றுவதா, கைவிடுவதா என்பதே என் பொறுப்பு. இந்த வயதில் இதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. வெட்கம் பார்த்திருந்தால் அன்பரசன் எனக்குக் கிடைத்திருக்க மாட்டான்.

கண் போவதற்கு முன்னால் அவன் அந்த யூனிட்டில் வெடிமருந்து கலக்கிக்கொண்டிருந்தான். அந்த வேலை விடிவதற்கு முன் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். சூட்டில் மருந்தைத் தொடக்கூடாது. பத்து, பதினொரு மணிக்கெல்லாம் குளித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காதுமடலுக்குப் பின்னால் அலுமினியப் பொடி கொஞ்சம் ஒட்டிக்கொண்டு மினுக்கும். ஆறு வருடத்துக்கு முன்னால் அப்படி மினுக்கிக்கொண்டு ஒரு லேபிள் திருத்தத்தைக் கொடுக்க வந்தான். வந்தவன் வாசல் கிரில் கேட்டில் உள்ளங்கையை அழுத்தி வைத்து, இரண்டு விநாடி நின்றுவிட்டு உள்ளே வந்தான். என்ன வேண்டுதலோ என்று நினைத்தேன். பிறகுதான் சொன்னான். கலவை அறை வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும், அதைத் தொட்டு உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பதினாறு வருடப் பழக்கம். கை எந்த வாசலைக் கண்டாலும் தகடு தேடியது. "என் வீடு ஒண்ணும் வெடிச்சிராது, வா" என்று கிண்டல் செய்வேன். ஒருநாள்கூட தொடாமல் வந்ததில்லை.

அன்று திரையைப் பார்த்து நின்றவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அடுத்த மாதம் அவனுக்கென்று ஒரு ஆளை உருவாக்கிக் கொடுத்தேன். பெரிய மீசை வைத்தான். அன்பரசன் என்றே பெயர் வைத்தான். வேலை முடிந்து வாரத்தில் மூன்று மத்தியானம் வருவான். வசனம் எல்லாம் இங்கிலீஷில் வரும், நான்தான் சொல்ல வேண்டும். அந்த நாட்டுப் படைத்தளபதி முதல் சத்திரக்காரன் வரைக்கும் என் வாயில் விருதுநகர் ஜில்லாத் தமிழ் பேசினார்கள்.

அவன் ஆடியதுபோல யாரும் ஆடி நான் பார்த்ததில்லை. இந்த விளையாட்டுகளில் ஊருக்குள் போனால் கண்ட வீட்டிலும் நுழைந்து, பானை, பெட்டி எல்லாம் திறந்து கிடைத்ததை எடுத்துக்கொள்ளலாம். எல்லோரும் அப்படித்தான் ஆடுவார்கள். அவன் எடுக்க மாட்டான். "அடுத்தவுக வீட்டுல புகுந்து எடுக்குறது என்ன பழக்கம் பாய்?" என்பான். ஒவ்வொரு கிழவனிடமும் நின்று பேசுவான். ஒருத்தி ஆடு தொலைந்துவிட்டது என்றால் ராஜாவை அம்போவென்று விட்டுவிட்டு ஆட்டைத் தேடி மூன்று நாள் மலை ஏறுவான். நெருப்பு மந்திரம் இருந்தது, தொடவே மாட்டான். பனி மந்திரம்தான். எதிரி நெருப்பு வீசினால் தீ அணைகிற வரை அங்கேயே நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வான். இதில் அப்படி என்ன இருக்கிறது உனக்கு என்று ஒருநாள் கேட்டேன். "பதினாறு வருசமா ஒரே அளவு, ஒரே கலவை பாய். ஒரு சிட்டிகை கூடக் குறைய ஆகக்கூடாது. இங்கன ஒவ்வொரு முக்குலயும் எந்தப் பக்கம் போறேன்னு என்னையக் கேக்காகல்ல, அது நல்லாருக்கு" என்றான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் சண்டை. நினைத்த இடத்தில் ஆட்டத்தைப் பதிந்து வைத்துக்கொண்டால் தோற்றாலும் பழைய இடத்திலிருந்து தொடங்கலாம். அல்லது, பதிவு ஒன்றே ஒன்றுதான், செத்தவர் செத்தவர்தான் என்று கடுமையாகவும் வைத்துக்கொள்ளலாம். அவன் கடுமையானதைத்தான் கேட்டான். பைத்தியமா என்றேன். "வேலையில ரெண்டாவது தரம் ஏது பாய்? இங்கனயும் அப்படியே இருக்கட்டும். அப்பத்தான் கவனம் இருக்கும்" என்றான். நான் விட்டுக்கொடுத்தேன்.

கற்பகவல்லி ஒரே ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளும் அதே யூனிட்டில் மருந்து செலுத்துகிற அறையில் வேலை பார்த்தாள். புருஷன் எந்த வீட்டில் போய் மத்தியானமெல்லாம் உட்கார்ந்திருக்கிறான் என்று பார்க்க வந்திருக்கிறாள். என் மனைவி பைரோஜா டீ கொடுத்தாள். விளையாட்டில் தன் ஆளோடு கூடவே நடக்கிற வைத்தியக்காரிக்கு அவன் கற்பகவல்லி என்றே பெயர் வைத்திருந்தான். திரையில் அவளைக் காட்டினான். "நான் என்ன இம்புட்டு ஒல்லியாவா இருக்கேன்?" என்று சிரித்தாள். அந்த நேரம் பார்த்து விளையாட்டுக்குள் அவர்கள் ஒரு கடை வாசலில் நின்றிருந்தார்கள். வைத்தியக்காரிக்குக் கோல் வாங்க வேண்டும். பளிங்கு வைத்தது ஒன்று, மண்டையோடு வைத்தது ஒன்று, மணிகள் கட்டியது ஒன்று. பளிங்குதான் பலம் அதிகம் என்று நான் சொல்லச் சொல்ல அவள் மணிக்கோலைக் காட்டினாள். "பொறி வந்துருமோன்னு கம்பெனிக்குள்ள கொலுசைக் கழட்டிப் பைக்குள்ள போட்டுட்டுத்தான் போகணும்ண்ணே. இவுகளே வாசல்ல நின்னு கழட்டச் சொல்லுவாக. நாளெல்லாம் சத்தமில்லாம நடக்குறேன். இங்கனயாச்சும் நான் வாரது தெரியட்டும்" என்றாள். அன்பரசன் காதுமடல் சிவக்கச் சிரித்தான்.

அதற்குப் பிறகு அந்த நாட்டில் அவன் எங்கே போனாலும் பின்னாலேயே மணிச்சத்தம் வரும். அவன் இரண்டடி வைத்தால் அவளும் இரண்டடி. அவன் நின்றால் அவள் ஒரு அடி தாமதமாக வந்து நிற்பாள். அப்போது கடைசியாக ஒரு மணி அடிக்கும்.

வைகாசியில் நடந்ததை அதிகம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அன்பரசன் கலவை முடித்துக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். அவள் இருந்த அறை வெடித்துப் போய்விட்டது. அவன் வெளியே ஓடாமல் அதை நோக்கி ஓடியிருக்கிறான். பக்கத்து அறையும் வெடித்தது, அதில் கண்கள் போயின. அன்று காலையும் அவன்தான் கேட்டருகே நின்று அவள் கொலுசைக் கழற்றச் சொன்னானாம். மெட்டியைக்கூட விடவில்லையாம். எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள். கேட் பக்கத்து அறை அலமாரியில் அவளுடைய சாப்பாட்டுப் பை மட்டும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது என்று அவனுடைய அக்கா செல்லக்கனி சொன்னாள்.

பத்து மாதம் கழித்து, இந்த வருடம் பங்குனியில், செல்லக்கனி அவனை ஸ்கூட்டியில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். "வீட்டுல ஒரு வார்த்தை பேச மாட்டேங்கான். இங்கன வரணும்னு அவனாத்தான் சொன்னான். கொஞ்ச நேரம் வச்சிருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குப் போனாள். அவன் கையை நீட்டித் துழாவி, கிரில் கேட்டைக் கண்டுபிடித்து, உள்ளங்கையை வைத்து நின்றான். கைபிடித்து நாற்காலியில் உட்காரவைத்தேன். டீ குடித்தான். எழுந்திருக்கப்போகிறான் என்று நினைத்தபோது கேட்டான்.

"அவ இருக்காளா பாய்?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கம்ப்யூட்டரைப் போட்டேன். பத்து மாதத்துக்கு முன்னால் அவன் விட்டுப்போன இடத்தில், பனிமலை அடிவாரத்தில், மீசைக்காரன் நின்றிருந்தான். பின்னால் அவள். "இருக்கா" என்றேன். "கொஞ்சம் நடங்க" என்றான். நடந்தேன். மணி அடித்தது. நின்றேன். ஒரு அடி தாமதமாக, கடைசி மணி. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து நான் அவனுக்குக் கை. அவன் சொல்வான், நான் செய்வேன். பார்க்கிறதையெல்லாம் சொல்வேன். பனி, பாலம், பாலத்துக்கடியில் துணி துவைக்கிறவள், அவள் முக்காட்டின் நிறம். மெல்ல மெல்லப் பேச்சு வந்தது அவனுக்கு. ஒருநாள் சண்டைக்கு நடுவில் "அவளுக்கு கோடு எம்புட்டு இருக்கு?" என்று கேட்டான். பாதிக்கு மேல் இருக்கிறது என்றேன். "பச்சிலைச் சாறு குடுத்துருங்க" என்றான். கொடுத்தேன். கோடு நிறைந்தது. "இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சதே அந்தக் கோடுதான் பாய். யாரு இன்னும் எம்புட்டு நேரம் தாங்குவாகன்னு தலைக்கு மேலயே இருக்கு. குறைஞ்சா ஏத்திக்கிடலாம். அன்னைக்குக் காலைல அவகூட வண்டியில போறேன், வாசல்ல நின்னு பேசுறேன், அவ தலைக்கு மேல எனக்கு ஒண்ணுமே தெரியலயே" என்றான்.

ஆடி மாதம் அந்தச் சுரங்கத்துக்கு வந்து சேர்ந்தோம். எதிரிகள் உள்ளே வெடிமருந்து பதுக்கியிருந்தார்கள். உள்ளே போய் அதை ஈரமாக்கிவிட்டு வர வேண்டும். பீப்பாய்களைப் பற்றிச் சொன்னதும் அன்பரசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் குரலே மாறிவிட்டது. யூனிட்டில் நாலு பேரை மேய்த்த குரல்.

"நில்லுங்க பாய். உள்ள போகக்கூடாது. மொதல்ல ரெண்டு பேரும் இரும்பைக் கழட்டணும். என் மார்க்கவசம், அவ போட்டிருக்க இரும்பு வளையச் சட்டை, பூட்ஸு, எல்லாம்."

விளையாட்டுக்கு அதெல்லாம் தெரியாது. அங்கே இரும்பு உரசித் தீப்பொறி வராது. இரும்புச் சட்டை என்பது ஈட்டி குத்தினால் கோடு குறையாமல் இருக்க ஒரு எண், அவ்வளவுதான். அதைக் கழற்றினால் வைத்தியக்காரி கவசமில்லாமல் நிற்பாள். எனக்கு நன்றாகத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அவனுடைய வலது கை தானாக எழுந்து முன்னால் நீண்டு, மேசையின் இரும்புக் காலைத் தேடிப்பிடித்து, உள்ளங்கையை அதில் அழுத்திக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். கழற்றினேன்.

"கோலு?" என்றேன்.

"மணி பித்தளைதான? பித்தளை பொறி விடாது. இருக்கட்டும்" என்றான்.

உள்ளே போன மூன்றாவது நிமிடத்தில் ஈட்டிக்காரர்கள் வந்தார்கள். மீசைக்காரன் எப்படியோ தாங்கினான். அவள் மூன்று குத்துக்குத் தாங்கவில்லை. சாறு கொடுக்கக் கை போவதற்குள் முடிந்துவிட்டது. இவர் இனி உங்களோடு வரமாட்டார் என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. ஒரே பதிவு, அதுவும் அந்தக் கணமே தன்னைத்தானே எழுதிக்கொண்டுவிட்டது. திரும்பிப்போக இடமில்லை. கோலை எடுத்துவிட்டாள் என்று நான் சொன்னது அப்போதுதான்.

ஏன் சொன்னேன் என்று அன்று முழுக்க யோசித்தேன். ஒரு விளையாட்டில் ஆள் செத்தால் செத்துவிட்டது என்று சொல்வதில் என்ன? ஆனால் அப்படிச் சொன்னால் எதனால் என்று கேட்பான். இரும்பைக் கழற்றியதால் என்று நான் சொல்ல வேண்டும். நீ வாசலில் நின்று கழற்றச் சொன்னாய், அதனால் செத்தாள் என்று. அதை அவனிடம் சொல்லுகிற வாய் எனக்கு இல்லை. முன்கூட்டியே சொல்லித் தடுத்திருக்கலாம். அதற்கும் வாய் வரவில்லை. ஆகமொத்தம் அவளைக் கொன்றதில் எனக்கும் பங்கு இருந்தது.

அன்று அவன் கிளம்புகிற வரை மீசைக்காரனை ஒரே இடத்தில் நிறுத்திவைத்துக் கதை பேசிச் சமாளித்தேன். அவன் சனிக்கிழமை வருவான். வந்ததும் நடக்கச் சொல்வான். மணிக்கு எங்கே போவது? நான் சாவியைத் தொலைத்துக்கொண்டே இருக்கிறேன் என்று பைரோஜா என் சாவிக்கொத்தில் மூன்று சின்ன மணிகளைக் கோத்து வைத்திருந்தாள். அதை எடுத்து ஆட்டிப்பார்த்தேன். கிட்டத்தட்ட அதே சத்தம். ஆனால் விளையாட்டில் நடப்பதற்கு இடது கை, திரும்பிப் பார்ப்பதற்கு வலது கை. கை இரண்டும் போய்விட்டது. கடைசியில் ஒரு சணல் கயிற்றால் சாவிக்கொத்தை வலது கால் பெருவிரலில் கட்டிக்கொண்டேன். மீசைக்காரன் ஒரு அடி வைத்தால் நான் காலை ஒருமுறை தட்டுவேன். மேசைக்கடியில் இது. மேலே வாய் பனியை வர்ணித்துக்கொண்டிருக்கும்.

சனிக்கிழமை நடந்தேன். மணி அடித்தது. அன்பரசன் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

அப்படியே ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது. தீபாவளி சீசன் வேலை வேறு நெருக்கியது. பிரஸ்ஸிலிருந்து போன் மேல் போன். எல்லாவற்றையும் காலையிலேயே முடித்துவிட்டு மத்தியானம் காலில் சாவியைக் கட்டிக்கொள்வேன். பொய்க்கு ஒரு கெட்ட பழக்கம், கொஞ்சம் இடம் கொடுத்தால் வளரும். சத்திரத்தில் தங்கினால் "அவ என்ன சொல்றா?" என்று கேட்பான். முன்பெல்லாம் விளையாட்டே அவளுக்கு வசனம் தரும். இப்போது நான் தர வேண்டியிருந்தது. குளிருது என்கிறாள் என்பேன். உன் மீசையைக் கிண்டல் செய்கிறாள் என்பேன். ஒருநாள் ஏதோ உருக்கமாக வசனம் வைத்தேன், நீங்கள் இருக்கும்போது எனக்கென்ன பயம் என்கிற மாதிரி. அன்பரசன் சிரித்தான். "அவ அப்படியெல்லாம் சொல்ல மாட்டா பாய்" என்றான்.

பைரோஜா டீ கொண்டுவந்த ஒரு நாள் என் காலைப் பார்த்துவிட்டாள். அவன் முன்னால் எதுவும் கேட்கவில்லை. அவன் போன பிறகு அடுப்படியில் வைத்துக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு விளையாட்டும் தெரியாது, பதிவும் தெரியாது. கற்பகவல்லியைத் தெரியும்.

"கண்ணு தெரியாத மனுசன்கிட்ட எம்புட்டு நாளைக்கு இப்படி ஓட்டுவீக?"

"சொன்னா இங்கன வரமாட்டான் பைரோஜா. வராம அங்கன இருட்டுல உக்காந்திருப்பான்."

அவள் பாத்திரம் தேய்க்கத் தொடங்கினாள். மறுநாள் பார்த்தால் மேசைமேல் மகளுடைய பழைய ரிப்பன் ஒன்று மடித்து வைத்திருந்தது. சணல் கயிறு அறுத்து விரலில் தோல் உரிந்திருந்ததை அவளும் பார்த்திருக்கிறாள்.

ஆவணி கடைசியில் ஒரு வியாழக்கிழமை. வெளியே வெயில் கொளுத்தியது. செல்லக்கனி அவனை வாசலில் இறக்கிவிட்டுப் போனாள். கேட்டில் உள்ளங்கையை வைத்தான், வந்தான், உட்கார்ந்தான். நாங்கள் மலையைத் தாண்டி உறைந்துபோன ஒரு ஏரிக்கரைக்கு வந்திருந்தோம். மீசைக்காரனை நடத்தினேன். காலைத் தட்டினேன். கரையின் வளைவில் நிறுத்தினேன்.

"பாய்" என்றான் அன்பரசன். "கால் வலிக்கலயா உங்களுக்கு?"

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன்.

"எப்பத் தெரியும்?" என்றேன்.

"மொத நாளே. நான் நின்னா அவ ஒரு எட்டு பிந்தித்தான் வந்து நிப்பா. கடைசியா ஒரு மணி அடிக்கும். நீங்க நான் நின்ன ஒடனே நின்னுருதீக."

மடத்தனத்தைப் பாருங்கள். லேபிளில் ஒரு புள்ளி நகர்ந்திருந்தால் கண்டுபிடிக்கிறவன் நான். வருடக்கணக்காகக் கேட்ட மணி, இது தெரியவில்லை எனக்கு. "மன்னிச்சுரு அன்பு" என்றேன். "அன்னைக்கே சொல்லியிருக்கணும். கழட்டுறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். கேமுக்கு இரும்பெல்லாம் தெரியாது."

"எனக்குத் தெரியும் பாய்."

"என்ன தெரியும்?"

"கேமுக்கு இரும்பு தெரியாதுன்னு. எம்புட்டு வருசம் ஆடியிருக்கேன், தெரியாதா? சட்டையைக் கழட்டினா தாங்க மாட்டான்னும் தெரியும்." அவன் கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. "பீப்பான்னு நீங்க சொன்ன ஒடனே வாயில வந்துருச்சு. அவளை இரும்போட உள்ள விட என்னால முடியல பாய். அன்னைக்கும் முடியல. ரெண்டு தரமும் நான்தான் வாசல்ல நின்னு கழட்டச் சொன்னேன்."

அவன் அழுதான். கண் இருந்த இடத்தில் கண்ணீர் வருமா என்று நான் அதுவரை யோசித்ததில்லை. வந்தது. நான் அவன் தோளில் கை வைத்திருந்தேன். அன்றைக்கு நீ கழற்றச் சொன்னதால் அவள் போகவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அது உண்மைதான். உண்மை அவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது அவன் தலையை ஆட்டிய விதத்தில் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நான் கம்ப்யூட்டரை அணைக்கக் கை நீட்டினேன். இனி எதற்கு அது?

"அணைக்காதீக" என்றான்.

"பெறகு?"

அவன் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு மஞ்சள் துணிப்பொட்டலத்தை எடுத்தான். பிரித்தான். கொலுசு. ஜோடியில் ஒன்று மட்டும். வெள்ளி கறுத்திருந்தது. சாப்பாட்டுப் பையில் இருந்து வந்தது என்று அவன் சொல்லத் தேவையிருக்கவில்லை. நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, மேசைக்கடியில் கைவிட்டு என் காலைத் தேடினான். கூச்சமாகப் போய்விட்டது எனக்கு, காலை இழுத்துக்கொண்டேன். "என்ன செய்ற அன்பு, விடு" என்றேன். அவன் விடவில்லை. ரிப்பன் முடிச்சை விரல்களால் தடவிப் பார்த்து மெதுவாக அவிழ்த்தான். சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். கொலுசு என் கணுக்காலுக்கு எட்டவில்லை. பெருவிரலைச் சுற்றி இரண்டு சுற்றாக வைத்து, அதே ரிப்பனால் கட்டினான். மருந்துத் திரிக்குப் போடுகிற முடிச்சு. இறுகவும் இல்லை, நழுவவும் இல்லை.

"சாவிச் சத்தம் வேற பாய்" என்றான்.

எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தான். கதவோரம் பைரோஜா டீ டம்ளர்களோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. உள்ளே வரவில்லை அவள். நான் சாவிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு இரண்டு கைகளையும் அதனதன் இடத்தில் வைத்தேன்.

"ஏரியைச் சுத்திப் போகணுமா, மேலேயே நடக்கணுமா?" என்று கேட்டேன்.

அவன் யோசித்தான். "சுத்தியே போவோம். பனி தாங்குமோ என்னவோ" என்றான்.

மீசைக்காரன் நடந்தான். திரையில் அவன் ஒருத்தன்தான். வெள்ளைப் பனியில் ஒரு வரிசைக் காலடிதான் விழுந்துகொண்டே வந்தது. மேசைக்கடியில் கொலுசு, அடிக்கு ஒன்றாக, கூடவே வந்தது. சாவி மணியைவிட மெல்லிய சத்தம், கொஞ்சம் கரகரப்பு. அன்பரசன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். கரை திரும்புகிற இடத்தில், ஒரு பட்டமரத்தடியில், "இங்கன நில்லுங்க" என்றான்.

நிறுத்தினேன். என் காலையும் நிறுத்தினேன். ஏரியும் அறையும் சத்தமில்லாமல் இருந்தன. ஒரு மூச்சு விட்டு, கால் விரலை இன்னும் ஒரே ஒருமுறை அசைத்தேன்.